இல்லாத பணத்துக்கு ஜகாத்

1

போன வாரம் என் மகன் பர்ஹான் தன் போனில் ஒரு கடிதத்தைக் காட்டினான். அவனுக்கு இருபத்தொரு வயது, கல்லூரியில் கடைசி வருஷம். ஏஐ என்று பெயரில் ஒட்டவைத்துக்கொண்ட ஒரு புதுக் கம்பெனி அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. சம்பளத்தைப் பார்த்தால் இந்த ஊரில் வாடகைக்கே காணாது. அதற்குக் கீழே, இத்தனை ஆயிரம் பங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இதோட மதிப்பு இப்பவே எவ்வளவு தெரியுமா வாப்பா? அடுத்த ரவுண்டு பணம் வந்தா மூணு மடங்கு ஆகும்."

"யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு வந்ததே கோபம். "ஏலே, அந்தப் போனக் கீழ வையி. அந்தப் பங்க வச்சி ஒரு கட்டுக் கீரை வாங்கிட்டு வா பாப்போம். ஒரு கட்டு! ஒன்ன நான் ஒத்துக்கிடுதேன்!"

அவன் தன் அம்மாவைப் பார்த்து, "கோபம் வந்தா மட்டும் வாப்பா திருநெல்வேலிப் பேச்சுக்குப் போயிடுறாங்க" என்றான். பிறகு என்னிடம் அமைதியாக, "நீங்களும் இதைத்தானே செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. பதிலைச் சொல்லத்தான் எனக்கு வழி தெரியவில்லை. அவனுக்குப் புரியும் இங்கிலீஷில் சொன்னால் கதையில் பாதி கழன்று விழுந்துவிடும். ஜகாத் என்றால் என்ன என்று கேட்டால் 'ஒருவித டாக்ஸ்' என்பான். செய்யது மச்சான் யார் என்று கேட்டால், 'சவூதி அங்கிள்' என்பான். ஆகவே புரிந்துகொள்ளக்கூடிய ஊர்க்காரர்களுக்கு எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

2

நான் மேலப்பாளையத்துக்காரன். பெயர் காஜா. கலிபோர்னியாவுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருஷம். அதில் முதல் பதிமூன்று வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். இங்கே நிரந்தரமாகத் தங்கப் பச்சை அட்டைக்கு மனுப் போட்டவன் வேலை மாறினால் வரிசை கலைந்துவிடும் என்று வக்கீல் பயங்காட்டி வைத்திருந்தார். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரப் பையன்களெல்லாம் புதுப் புதுக் கம்பெனிகளுக்குத் தாவி, பங்கு வாங்கி, விற்று, வீடு கட்டினார்கள். நான் வரிசையில் நின்றேன். பச்சை அட்டை தபாலில் வந்த மறுநாள் காலையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். பதிமூன்று வருஷத்து வயிற்றெரிச்சல், வேறென்ன?

சேர்ந்த இடம் ஒரு ஸ்டார்ட்அப். லாரிக்காரர்களையும் சரக்குக்காரர்களையும் செல்போனில் சேர்த்துவைக்கிற தொழில். லாபம் என்ற பேச்சை எடுத்தால் அங்கே பட்டிக்காட்டானைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். செலவுதான் பெருமை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முதலீட்டாளர்கள் வந்து பணம் போடுவார்கள், அதற்கு ரவுண்டு என்று பெயர். அன்றைக்கு ஒரு மணியை அடிப்போம், கேக் வெட்டுவோம், கம்பெனியின் மதிப்பு மும்மடங்கானதாக அறிவிப்பு வரும்.

மதிப்பு எப்படி ஏறுகிறது என்று ஊரில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நம் சந்தையில் பெருநாளுக்கு முந்தின நாள் ஒருத்தன் அவசரத்துக்கு ஒரு ஆட்டை இரட்டை விலைக்கு வாங்குகிறான் என்று வையுங்கள். உடனே சந்தையில் நிற்கிற அத்தனை ஆட்டுக்கும் அதுதான் விலை என்று எழுதிப் போட்டுவிட்டால் எப்படி இருக்கும்? அதேதான். நூறில் ஐந்து பங்கை ஒருவர் ஒரு விலைக்கு வாங்குவார். மீதிக்கும் அதே விலையைப் போட்டு நாங்கள் பெருக்கிக்கொள்வோம். மீதியை வாங்க ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் பெயரில் உள்ள பங்குக்கு என்ன மதிப்பு என்று காட்ட ஒரு இணையப் பக்கம் இருந்தது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அதைத் திறந்து பார்ப்பேன். ஒருநாள் அதை ரூபாயில் மாற்றிப் பார்த்தேன். எட்டு இலக்கம். தொழுகையில் நிற்கும்போதுகூட அந்த எண் கண்ணில் ஆடியது.

3

இனிமேல்தான் என் வண்டவாளம்.

ஜகாத் என்றால் வெளியாருக்கு ஒரு வரியில் சொல்கிறேன்: கைவசமுள்ள சொத்தில் நாற்பதில் ஒரு பங்கை வருஷாவருஷம் ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். எங்கள் தெருவில் அதை வசூலித்துப் பிரித்துக் கொடுக்க ஒரு கமிட்டி உண்டு. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பீர் மாமா அதற்குச் செயலாளர். எனக்குச் சொந்த மாமா இல்லை, தெருவுக்கே மாமா. யார் எவ்வளவு கொடுத்தார் என்று கமிட்டி வெளியில் சொல்லாது. ஆனால் ரமலான் பதினைந்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதை நாற்பதால் பெருக்கினால் அவன் சொத்து எவ்வளவு என்று தெரிந்துபோகும். பள்ளிவாசல் ஹவுஸ் தொட்டியில் கால் கழுவுகிறவர்கள்கூட இந்தப் பெருக்கலைப் போடுவார்கள்.

இந்தப் பங்குக்கு ஜகாத் உண்டா என்று எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் போனில் கேட்டேன்.

"அத இப்ப விக்க முடியுமா தம்பி?"

"முடியாது ஹஜ்ரத். கம்பெனி சந்தைக்கு வந்தாத்தான்."

"அப்ப கைக்கு வரட்டும். வந்தப்பெறவு குடுங்க. இல்லாததுக்கு அல்லாஹ் கேக்க மாட்டான்."

எவ்வளவு தெளிவான பேச்சு! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்கட்டும் ஹஜ்ரத், குடுத்திருதேன். மனசுக்குத் திருப்தி." மனசுக்குத் திருப்தி என்றது சுத்தப் பொய். எனக்கு ஊர் பெருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. பதிமூன்று வருஷம் நாற்காலி தேய்த்தவன், காஜா இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கானாம் என்று பேச்சு வாங்கியவன், ஒரே ரமலானில் எல்லார் வாயையும் அடைக்க வழி கிடைத்தால் விடுவானா?

கொடுத்தேன். மூன்று ரமலான் கொடுத்தேன். அந்தக் காகித மதிப்பில் நாற்பதில் ஒன்று, சம்பளத்தில் மிச்சம் பிடித்தது போதாமல், மூன்றாம் வருஷம் கிரெடிட் கார்டில் எடுத்து அனுப்பினேன். அந்தக் கார்டுக்கு வட்டி கட்டினேன். வட்டி ஹராம், ஜகாத் கடமை, நான் வட்டிக்கு வாங்கி ஜகாத் கொடுத்தேன். இதை எழுதும்போது எனக்கே வாயைக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

ஊர் பெருக்கிப் பார்த்தது. அந்த வருஷம் ஊருக்குப் போனபோது கல்யாணப் பந்தியில் எனக்கு முன்வரிசை. தாலிச்சாக் குழம்பில் என் இலைக்கு மட்டும் எலும்பு விழவில்லை, கறியாக விழுந்தது. "மருமவன் பெரிய கையில்லா!" என்று பீர் மாமா நாலு பேர் கேட்கத் தோளில் தட்டினார். வெட்கப்பட்டதாக நடித்தேன். நன்றாகத்தான் நடித்தேன்.

4

செய்யது மச்சான் என் தங்கை ஜமீலாவின் மாப்பிள்ளை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். சவூதியில் தமாமில் பத்தொன்பது வருஷம் ஏசி மெக்கானிக். வெயிலில் மொட்டை மாடியில் நின்று வேலை பார்த்ததில் முழங்கால் இரண்டும் போய், போதும் என்று ஊருக்குத் திரும்பியிருந்தார். கையில் இருந்த சேமிப்புக்குத் தச்சநல்லூர் பக்கம் ஒரு மனை பார்த்திருந்தார். மகள் ஷிஃபா பிளஸ் டூ, அவள் பி.பார்ம் படிக்கும்போது அந்த மனையை விற்றுப் பீஸ் கட்டலாம் என்பது அவர் திட்டம்.

முன்பணம் கொடுக்கப் போவதற்கு முந்தின நாள் எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், ஒன் கம்பெனில எனக்கு ஒரு பங்கு கெடைக்குமா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் எனக்கு அப்போது அவசரமாகப் பணம் வேண்டியிருந்தது. பங்கு தருகிறோம் என்றால் கையில் தந்துவிடுவதில்லை. ஒரு பழைய விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைத்தான் தருகிறார்கள். வாங்குவதற்கு நாம்தான் காசு கட்டவேண்டும். அடுத்த ரவுண்டுக்கு முன் வாங்கிவிட்டால் நல்லது என்று எல்லாரும் ஓடி ஓடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஏது? ஜகாத்தாகக் கொடுத்துத் தீர்த்திருந்தேன்.

"என் பேருல வாங்கி ஒங்களுக்கு ஒரு பாகம் வைக்கலாம் மச்சான்."

"பேங்குல போட்டா வட்டி, அது நமக்கு ஆவாது. இது யாவாரந்தானே? லாபமோ நட்டமோ பங்குதானே?"

"யாவாரந்தான்."

"நான் ஒண்ணும் கண்ண மூடிட்டுக் குடுக்கல, கேட்டுக்க. மூணு ரமலானா நீ குடுக்கதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஜகாத்துல பொய் சொல்லுதவன் கொறச்சிச் சொல்லுவான். கூட்டிச் சொன்னவன ஒலகத்துல எங்கனயாச்சும் பாத்துருக்கியா?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மச்சான், அது காகிதம், விற்க முடியாத காகிதம், ஹஜ்ரத்தே வேண்டாமென்றார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷப் பேச்சு. நான் சொன்னது: "யோசிக்க என்ன மச்சான் இருக்கு? மனை எங்க போயிரப் போவுது?"

மனையை வேறொருவர் வாங்கினார். இப்போது அதன் பக்கத்தில் பெரிய கடைகள் வந்துவிட்டன. ஜமீலா அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம்.

5

மச்சான் அனுப்பிய சேமிப்பில் பங்கு வாங்கினேன். வாங்கிய சில மாதத்தில் வரி கேட்டுக் கடிதம். வாங்கிய விலைக்கும் அன்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு வந்த லாபமாம். இந்த நாட்டுச் சட்டம் அப்படி. வரி இலாகாவுக்குப் போன் செய்து, காத்திருப்பவர்களுக்குப் போடும் பியானோவை ஒன்றரை மணி நேரம் கேட்டபிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"நான் எதையும் விற்கவில்லை" என்றேன்.

"அது உங்கள் விருப்பம் சார்" என்றாள். பிறகு அன்பாக, "நல்ல லாபம், வாழ்த்துகள்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியுமா? அவளும் காகிதத்தைத்தான் பார்த்தாள். தவணை போட்டுக் கட்டினேன்.

அதற்குப் பிறகு முதலீட்டுச் சந்தை சுருண்டது. நேற்றுவரை செலவு செய் செய் என்றவர்கள் லாபம் எங்கே என்று கேட்டார்கள். அடுத்த ரவுண்டு வரவில்லை. கேக் நின்றது, பிறகு மதியச் சாப்பாடு நின்றது, பிறகு ஆட்கள் நின்றார்கள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வீடியோவில் முதலாளி கண் கலங்கினார். கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனிக்கு விற்றாயிற்று என்றார். நாங்கள் கை தட்டினோம்! விற்றால் காசு வரும் என்று நினைத்துவிட்டோம். முதலில் பணம் போட்டவர்களுக்கு முழுதாகப் போகும், மிச்சம் இருந்தால்தான் வேலைக்காரர்களுக்கு என்று பழைய ஒப்பந்தத்தில் நாற்பதாவது பக்கத்தில் இருந்ததாம். மிச்சம் இல்லை. எனக்கு வந்த கடிதத்தில் பூஜ்யம், புள்ளி, இரண்டு பூஜ்யம்.

இந்த நஷ்டத்தை வரியில் கழிக்கலாம் என்றார்கள். எப்படி? வருஷத்துக்குக் கொஞ்சம். அந்த வேகத்தில் கழித்தால் நான் மவுத்தாகிப் பல வருஷம் கழித்துத்தான் முடியும்.

மச்சானிடம் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆனது. சொன்னேன்.

"சரி. நட்டம்னா நட்டந்தான். லாபத்துல பங்கு கேட்டவன் நட்டத்துலயும் எடுக்கணும்லா. ஒன்னக் குத்தஞ் சொல்லல. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. இல்லாத பணத்துக்கு எவனாவது ஜகாத் குடுப்பானால?"

மச்சான் என்னை மரியாதை விட்டு 'ல' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவரே போனை வைத்தார். அதன் பிறகு ஜமீலாவிடம் பேசும்போது பின்னால் அவர் குரல் கேட்கும், போனுக்கு வரமாட்டார்.

6

இந்த ரமலான் தொடக்கத்தில் பீர் மாமா கூப்பிட்டார்.

"மருமவனே, எப்படி இருக்கீரு? சங்கடமான சங்கதி. ஒம்ம மச்சான் நம்ம கமிட்டிக்கு மனுப் போட்டுருக்காரு. ஷிஃபாவுக்குக் கடைசி வருஷப் பீஸ். கட்டலன்னா பரீச்சைக்கு விட மாட்டாவளாம்."

ஐம்பத்தேழு வயதில் மச்சான் மறுபடி ஸ்க்ரூடிரைவர் பையோடு பைக்கில் வீடு வீடாகப் போகிறார் என்று தெரியும். இது தெரியாது.

"மனுவுல ஒரு கட்டம் இருக்கு. ஒதவி செய்யக்கூடிய வசதியான சொந்தக்காரங்க உண்டான்னு. அதுல 'இல்லை'ன்னு எழுதிருக்காரு. கமிட்டில ஒருத்தன் கேக்கான், அமெரிக்காவுல மச்சான் இருக்கும்போது இப்படி எழுதலாமான்னு. நீருதான் சொல்லணும். அவரு எழுதுனது சரியா?"

ஆமாம் மாமா, சரி. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. என் நிலைமை என்ன? புது வேலையில் சம்பளம் குறைவு, வரித் தவணை ஓடுகிறது, கார்டுக் கடன் நிற்கிறது, பர்ஹான் கல்லூரிக் கடன் வேறு. ஷிஃபாவின் பீஸை என்னால் கட்ட முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"சேச்சே, என்ன மாமா இது! நான் இருக்கும்போது அவரு எதுக்கு மனுப் போடணும்? அந்த மனுவ நிறுத்தி வைங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"அதானே பாத்தேன்!" என்று அவர் சிரித்தார்.

வாய் தானாகச் சொன்னது என்று எழுதலாம். அது தப்பித்துக்கொள்வது. சொல்லும்போதே பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். அன்றிலிருந்து தெரிந்தவர்கள் நாலு பேரிடம் கடன் கேட்டேன். ஒருவன் தன் ஏஐ கம்பெனிப் பங்கு கைக்கு வந்ததும் தருவதாகச் சொன்னான். சிரிப்பதா அழுவதா? மூன்று வாரம் ஓடியது. ஜமீலா போனை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் எடுத்தேன்.

"மனு என்ன ஆச்சின்னு கேக்க அவுக போனாக. நீ நிறுத்தி வைக்கச் சொன்னியாம்லா?" என்றாள்.

"நான் அனுப்பிரலாம்னுதான் ஜமீலா..."

"எதுலருந்து? எங்கிட்டயும் புளுகாதண்ணே. அந்த மனுவ எழுத அவுக மூணு நாளு எடுத்தாக. மூணு நாளு! கைநீட்டிப் பழக்கமில்லாத மனுசன். ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்லிரக் கூடாதுன்னுதான் பேரே எழுதாம 'இல்லை'ன்னு போட்டாக. நீ ஒத்த வார்த்தைல நாசமாக்கிட்ட. ஒன் கவுரவத்துக்கு இன்னும் எத்தன தடவ நாங்க பணம் கட்டணும், சொல்லு!"

உடனே பீர் மாமாவைக் கூப்பிட்டேன். "மாமா, மச்சான் எழுதுனது நெசம். எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அந்தக் கம்பெனி போயிட்டு. அவரு பணமும் எங்கிட்டதான் போச்சி. அந்த மனுவ எடுங்க."

அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"போனது எங்களுக்கு அப்பவே தெரியுமய்யா. ஊருக்கே தெரியும். நீரு வாயத் தொறந்து சொல்லுதீரா இல்லயான்னுதான் கேட்டேன். நான் பாத்துக்கிடுதேன்னு அடிச்சிச் சொன்னீரு, சரி, எங்கயோ பொரட்டிட்டாருன்னு நெனச்சேன்." பெருமூச்சு விட்டார். "இப்பச் சொல்லி என்ன செய்ய? நேத்தே எல்லாம் பிரிச்சிக் குடுத்தாச்சி. பெட்டில ஒண்ணும் இல்ல, மருமவனே. அடுத்த ரமலானுக்குத்தான்."

7

மச்சான் தமாமில் பழைய முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி இன்னும் அவரை நினைவில் வைத்திருந்தார். இரண்டு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்டு வாங்கி ஷிஃபாவின் பீஸைக் கட்டினார். அவள் பரீட்சை எழுதினாள். அதற்கு ஈடாக மச்சான் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மெடிக்கல் டெஸ்டில் முழங்காலைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம்.

போன மாதம் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து அவரே என்னைக் கூப்பிட்டார். எவ்வளவு காலம் கழித்து! நான் அழுதேன். மன்னிச்சிருங்க மச்சான், மன்னிச்சிருங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது போட்டும். ரெண்டு வருசந்தானே, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும். ஜமீலாவுக்கு அடிக்கடி போன் போடு, தனியா இருக்கா. பெறவு ஒண்ணு, சொன்னா கேப்பியா?"

"சொல்லுங்க மச்சான்."

"ஊருலருந்து யாரு கேட்டாலும், நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லாத."

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.